ஒரே ஆற்றுக்கு ஏழு பெயர்: ஸ்லோவேனியாவுக்கு ஏன் போக வேண்டும்?

இத்தாலிக்குக் கிழக்கே உள்ள சிறிய ஐரோப்பிய நாடு ஸ்லோவேனியா. அந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரே படம்தான். பச்சை நிற ஏரி, நடுவில் சின்னத் தீவு, அதன் மேல் கூர்கோபுரம் வைத்த தேவாலயம், பின்னால் பனி மலை. அது ப்ளெட் ஏரி. அதன் அழகில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இத்தாலியின் வெனிஸிலிருந்தோ குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்தோ காலையில் வந்து, படகில் தீவுக்குப் போய், 99 படி ஏறி, மணியை அடித்துவிட்டு, ஏரிக்கரையில் ஒரு துண்டு கிரீம் கேக் தின்றுவிட்டு மாலையே திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நாட்டைப் பார்க்கவில்லை.

ஸ்லோவேனியாவின் பரப்பு 20,273 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 21 லட்சம். கடற்கரை ஐம்பது கிலோமீட்டர்கூடக் கிடையாது. இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் அங்கே போவதற்கு முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். பெரிய நாடுகளில் பத்து நாள் சுற்றினாலும் நான்கு நகரங்களின் பெயர்தான் மிஞ்சும். மலை ஏன் அங்கே நிற்கிறது, ஆறு ஏன் இப்படித் திரும்புகிறது, மக்கள் ஏன் இந்த மொழியைப் பேசுகிறார்கள் என்பதை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க நேரமே இருக்காது. ஸ்லோவேனியாவில் ஒரு வாரத்தில் அது முடியும். அதற்கு நான் சொல்லும் வழி, ஓர் ஆற்றின் கூடவே போவது.

அந்த ஆற்றின் பெயர் லியூப்லியானிட்சா. தலைநகரான லியூப்லியானாவின் நடுவே, பாலங்களுக்குக் கீழே, அவசரமில்லாமல் போகும் ஆறு. உள்ளூர்க்காரர்கள் அதை ‘ஏழு பெயர் கொண்ட ஆறு’ என்பார்கள். த்ர்புஹோவிட்சா, ஒப்ர்ஹ், ஸ்த்ர்ஷென், ராக், பிவ்கா, உனிட்சா, கடைசியில் லியூப்லியானிட்சா. ஒரே நீருக்கு ஏழு பெயர் வந்தது கவிதைக்காக அல்ல. நீர் மண்ணுக்குள் போய்விடுகிறது, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. வெளியே வந்த இடத்தில் இருந்தவர்களுக்கு அது புது ஆறு. ஆகவே புதுப் பெயர் வைத்தார்கள். எல்லாம் ஒன்றே என்பது தெரியவர நெடுங்காலம் ஆயிற்று.

காரணம் பாறையில் இருக்கிறது. நாட்டின் தென்மேற்குப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பை அரிக்கிறது. விரிசல் துளையாகி, துளை குகையாகி, குகைக்கூரை இடிந்து பள்ளமாகிறது. உலகெங்கும் புவியியலாளர்கள் இப்படிப்பட்ட நிலத்தைக் ‘கார்ஸ்ட்’ என்கிறார்கள். அந்தச் சொல்லே இங்கிருந்து போனதுதான். இத்தாலிய எல்லையை ஒட்டி க்ராஸ் என்றொரு பீடபூமி இருக்கிறது. அதன் ஜெர்மன் பெயர் கார்ஸ்ட். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததன் சொந்த ஊர் அது.

ஆற்றைப் பின்தொடர்வதென்றால் முதலில் நிற்க வேண்டிய இடம் செர்க்னிட்சா ஏரி. இதைப் போன்ற ஒன்றை நான் வேறெங்கும் அறியேன். வரைபடத்தில் நீலமாக, ப்ளெட்டைவிடப் பலமடங்கு பெரிதாகத் தெரியும். கோடையில் போய் நின்றால் ஏரியைக் காணோம். இடுப்புயரப் புல், நடுவே வளைந்து போகும் ஒற்றை ஓடை, தூரத்தில் புல் அறுக்கும் டிராக்டர். அந்த ஓடைதான் ஸ்த்ர்ஷென். இலையுதிர் காலத்தில் அடைமழை பிடித்தால் சில நாட்களிலேயே அதே புல்வெளி ஏரியாகிவிடும். நிரம்பிய நிலையில் இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் நீர் பரவி நிற்கும். பிறகு ஏரியின் தரையில் உள்ள துளைகள் வழியாக வாரக்கணக்கில் வடிந்து போகும். அந்தத் துளைகளுக்கும் ஊர்மக்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பெயர் ரெஷெதோ. பொருள் சல்லடை.

இந்த ஏரியை உலகுக்குச் சொன்னவர் வால்வசோர் என்ற பிரபு. தம் நாட்டைப் பற்றி 1689இல் பெரும் நூலொன்றை வெளியிட்டார். அதற்கு முன்பே, இந்த ஏரி எப்படி நிரம்பி வடிகிறது என்று அவர் எழுதி அனுப்பிய விளக்கத்துக்காக லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1687இல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஒரே இடத்தில் ஓராண்டுக்குள் மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், புல் அறுக்கலாம் என்பதுதான் அவரை வியக்கவைத்தது. கரையோரத்தில் தோலெனியே யெசெரோ என்றொரு சிற்றூர். அங்கே ஏரியின் பெரிய மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு, எந்தத் துளையில் முதலில் ஊறுகிறது, எதில் இறங்குகிறது என்று கண்முன்னால் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகு வெளியே போய் ஏரியைப் பார்த்தால்தான் அது புரியும். நேரமில்லை என்று இதை விட்டுவிடாதீர்கள்.

செர்க்னிட்சாவில் காணாமல் போகும் நீர் சிறிது தூரத்தில் ராக் என்ற பெயரில் வெளியே வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் ராகோவ் ஷ்கோட்சியான். முன்னொரு காலத்தில் முழுநீளக் குகையாக இருந்தது, கூரை இடிந்து பள்ளத்தாக்காகிவிட்டது. இரண்டு இடங்களில் மட்டும் கூரை இடியாமல் நிற்கிறது. அவற்றை இயற்கைப் பாலங்கள் என்கிறார்கள். சிறிய பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால், குகையின் உட்புறத்தை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். பீச் மரங்களின் இலை வழியாக இறங்கும் வெளிச்சம், பாசி படிந்த சுவர், அடியில் பச்சை நீர். கட்டணம் கிடையாது. பெரும்பாலும் கூட்டமும் இருப்பதில்லை.

கூட்டம் இருக்கும் இடம் அடுத்த பள்ளத்தாக்கில், போஸ்தோய்னாவில். இங்கே, நம் ஆற்றின் இன்னொரு கிளையான பிவ்கா, மலையடியில் ஒரு வாய்க்குள் நுழைந்து மறைகிறது. அது குடைந்த குகைத்தொகுதியில் இதுவரை அளந்தது 24 கிலோமீட்டர். 1818இல் ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் ஃபிரான்ஸ் வருகிறார் என்று விளக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, லூகா செச் என்ற உள்ளூர்த் தொழிலாளி உட்புற மண்டபங்களுக்கு வழி கண்டுபிடித்தார். மறு ஆண்டே சுற்றுலா தொடங்கிவிட்டது. 1872இல் உள்ளே தண்டவாளம் போட்டார்கள். வழிகாட்டிகள் சிறு வண்டிகளில் பயணிகளை உட்காரவைத்துக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது மின்சார ரயில் போகிறது. திறந்த வண்டி. தலைக்கு மேல் ஓரடி இடைவெளியில் பாறை பாய்ந்து வந்து போகும். உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுவதும் சுமார் 10 டிகிரி. வெளியே ஜூலை வெயில் என்று மெல்லிய சட்டையோடு போகிறவர்கள் ஒன்றரை மணி நேரமும் நடுங்குவார்கள்.

டிக்கெட் விலை அதிகம்தான். இருந்தாலும் ஓர் உயிரினத்துக்காகவே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். ஸ்லோவேனியர்கள் அதை ‘மனித மீன்’ என்கிறார்கள். உண்மையில் மீன் அல்ல, குகைநீரில் வாழும் சாலமாண்டர் வகை. ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல். தோல் மனிதத் தோல் போல வெளிறிய இளஞ்சிவப்பு, அதனால்தான் அந்தப் பெயர். கழுத்தோரம் சிவப்பு இறகு போலச் செவுள்கள். முன்காலில் மூன்று விரல், பின்காலில் இரண்டு. கண்கள் தோலுக்கு அடியில் மூடிக்கிடக்கின்றன. இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை. பல ஆண்டுகள் உணவின்றி உயிரோடு இருக்கும். நூறு வயது வரைகூட வாழும். பெருவெள்ளத்தில் இவை குகையிலிருந்து வெளியே அடித்துவரப்படும்போது, உள்ளே டிராகன் இருக்கிறது, இவை அதன் குஞ்சுகள் என்று அந்தக் கால மக்கள் நம்பினார்கள். வால்வசோர் இதையும் எழுதிவைத்திருக்கிறார். 2016இல் போஸ்தோய்னாவின் பார்வைத் தொட்டியில் ஒரு பெண் சாலமாண்டர் 64 முட்டைகள் இட்டது. அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை பொரித்தன. பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பது போல அந்த நாடே காத்திருந்தது.

இருட்டுக்குள் போன பிவ்காவும் ராக்கும் ப்ளானினா குகைக்குள்ளே, மலையின் வயிற்றில், ஒன்றுசேர்கின்றன. நிலத்தடியில் இரண்டு ஆறுகள் சங்கமிக்கும் இடம் உலகில் அபூர்வம். ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றில் இது ஒன்று. குகையிலிருந்து வெளியே வரும்போது பெயர் உனிட்சா. ஒரு சமவெளி முழுக்க நெளிந்து நெளிந்து ஓடிவிட்டு, அதன் ஓரத்தில் மறுபடி மண்ணுக்குள் இறங்குகிறது. கடைசியாக வெர்ஹ்னிகா என்ற சிறு நகரத்தின் அருகே பல ஊற்றுகளாகப் பொங்கி வந்து லியூப்லியானிட்சா ஆகிறது. அதன் பிறகு ஒளிந்துகொள்வதில்லை. சாவா ஆற்றில் கலந்து, டான்யூபில் சேர்ந்து, கருங்கடலுக்குப் போய்விடுகிறது.

வெர்ஹ்னிகாவுக்கும் தலைநகருக்கும் இடையில் சதுப்பு நிலம். அங்கே ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் மரக்கால்கள் நட்டு அவற்றின் மேல் வீடு கட்டி வாழ்ந்தார்கள். 2002இல் அந்தச் சேற்றிலிருந்து ஒரு மரச்சக்கரமும் அதன் அச்சும் கிடைத்தன. வயது சுமார் 5,150 ஆண்டு. இதுவரை கிடைத்த மரச்சக்கரங்களில் மிகப் பழையது அதுதான். லியூப்லியானா நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறது. பலகைகளைச் சேர்த்துச் செய்த சக்கரம், நடுவில் சதுரத் துளை. துளை சதுரமாக இருப்பதால் அச்சும் சக்கரத்தோடு சேர்ந்தே சுழன்றது. ஒரு தச்சன் அந்த மூலைகளைச் செதுக்கிய கவனம் இன்றும் தெரிகிறது.

இனி நகரம். லியூப்லியானாவின் மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. மையப் பகுதியில் 2007 முதல் கார்களுக்கு இடமில்லை. நகரின் முகத்தை உருவாக்கியவர் யோஷே ப்ளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர். வியன்னாவிலும் ப்ராக் கோட்டையிலும் பணிபுரிந்துவிட்டு 1921இல் சொந்த ஊர் திரும்பினார். அவர் மனம் எப்படி வேலை செய்தது என்பதற்கு மும்மைப் பாலம் ஒன்றே போதும். நகர மையத்தில் 1842இல் கட்டிய கல்பாலம் போக்குவரத்துக்குப் போதவில்லை. வேறொருவராக இருந்தால் இடித்துவிட்டு அகலமாகக் கட்டியிருப்பார். அவர் பழையதைத் தொடவில்லை. இருபுறமும் விசிறி போல விரியும் இரண்டு நடைபாலங்களைச் சேர்த்தார். நடுவில் வண்டி, இருபக்கமும் மனிதர். இப்போது வண்டியும் இல்லை, மூன்றும் மனிதர்களுக்கே. பாலத்திலிருந்து ஆற்றை நோக்கிப் படி இறங்கும். சந்தையும் நூலகமும் ஆற்றங்கரைப் படித்துறைகளும் அவருடையவையே. இந்த வேலைகள் 2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. உலகப் பெருநகரங்களில் காணும் ஆடம்பரம் இவற்றில் இல்லை. சந்தைக்குப் போகும் கிழவி தூணோரத்தில் பையை வைத்து இளைப்பாறுகிற அளவில் எல்லாம் இருக்கிறது.

மும்மைப் பாலம் போய்ச் சேரும் சதுக்கத்தில் ஒரு சிலை. பேரரசர், தளபதி யாரும் இல்லை. ஃப்ரான்ஸே ப்ரெஷெரென் என்ற கவிஞர். 1905இல் நிறுவினார்கள். சிலையின் பார்வை போகும் திசையிலேயே நடந்து போனால் ஒரு வீட்டுச் சுவரில், சன்னல் போன்ற சட்டத்துக்குள், ஒரு பெண்ணின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். அவர் யூலியா ப்ரிமிட்ஸ். கவிஞர் காதலித்த, அந்தக் காதலை ஏற்காத பெண். கவிஞர் இறந்த பிப்ரவரி 8 நாட்டில் அரசு விடுமுறை. அவர் 1844இல் எழுதிய கவிதையின் ஒரு பகுதிதான் தேசிய கீதம். தன் நாட்டை வாழ்த்துவதற்குப் பதிலாக, அண்டை வீட்டாரோடு பகையின்றி வாழும் எல்லா இனங்களையும் வாழ்த்துகிறது. ‘எல்லா இனங்களும் வாழ்க’ என்ற பொருளுள்ள வரி இரண்டு யூரோ நாணயத்திலேயே, அவர் முகத்துக்கு அருகே, இருக்கிறது. ஒரு யூரோ நாணயத்தில் இருப்பவர் ப்ரிமோஷ் த்ரூபார். 1550இல் ஸ்லோவேனிய மொழியின் முதல் அச்சு நூலை வெளியிட்டவர். காபிக்குக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறை வாங்கும்போது ஒருமுறை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

ஏன் கவிஞரும் நூலாசிரியரும்? இந்த மக்களுக்கு 1991 ஜூன் 25 வரை தனி நாடு இருந்ததில்லை. நூற்றாண்டுகளாக ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சி. முதல் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவியா. மேற்குப் பகுதி இத்தாலியிடம் போனது, அங்கே முசோலினி காலத்தில் ஸ்லோவேனிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி, ஹங்கேரி மூன்றும் நாட்டைத் துண்டு போட்டன. இத்தனைக்கும் நடுவில் ‘நாங்கள் யார்’ என்று சொல்ல அவர்களிடம் இருந்தது மொழி மட்டுமே. மொழியை உயிராக நினைக்கும் நமக்கு அந்தச் சதுக்கத்தில் நின்றால் இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த மொழியில் இன்னொன்றும் இருக்கிறது. வடமொழியைப் போல ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலானவை இருமையை எப்போதோ இழந்துவிட்டன. இங்கே சந்தையில் பேசும் பேச்சிலும் அது வாழ்கிறது. பலர் சேர்ந்து ‘போகிறோம்’ என்றால் ‘க்ரெமோ’. இருவர் மட்டும் என்றால் ‘க்ரேவா’. நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் வேறுபாடு வைத்திருக்கும் நமக்கு, இரண்டு பேருக்கென்று தனி வினைமுற்று வைத்திருப்பதன் இனிமை எளிதில் பிடிபடும்.

மறுபடி நீருக்கு வருகிறேன். சுண்ணாம்பு நிலத்தில் நீர் மணலில் வடிகட்டப்படுவதில்லை. மேலே எதைக் கொட்டினாலும் துளை வழியாக இறங்கி, இன்னோர் ஊரின் குடிநீர் ஊற்றில் வந்து நிற்கும். பசுமைப் பேச்சு பல நாடுகளில் விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது. இங்கே அதற்கு வேர் இந்தப் பாறையில் இருக்கிறது. 2016இல் குடிநீர் பெறும் உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். 2021 ஜூலையில் நீர்ச் சட்டத்தில் அரசு கொண்டுவந்த திருத்தம் கரையோரக் கட்டுமானத்துக்கு வழிவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். பொதுவாக்கெடுப்பில் 86 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தார்கள். லியூப்லியானாவில் தெருவோரக் குழாயில் பாட்டிலைப் பிடித்துக் குடிக்கும் குளிர்ந்த நீருக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

ஆற்றுப் பாதைக்கு வெளியேயும் உண்டு. ஷ்கோட்சியான் குகைகளில் (முன்பு சொன்ன ராகோவ் ஷ்கோட்சியான் வேறு) ரேகா என்ற ஆறு பாதாளப் பள்ளத்தாக்கில் இரைந்து ஓட, நாற்பது மீட்டருக்கும் மேலான உயரத்தில் பாலத்தைக் கடக்கலாம். ஒரே ஒரு குகைக்குத்தான் நேரம் என்றால் போஸ்தோய்னாவை விட்டுவிட்டு இங்கே போங்கள் என்பேன், மனித மீனை இழந்தாலும். மேற்கே ஸோச்சா ஆறு, நீலமும் பச்சையும் கலந்த நிறம். 1915 முதல் 1917 வரை அதன் கரையில் இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் பன்னிரண்டு முறை மோதின. கோபரித் ஊரின் அருங்காட்சியகம் அந்தச் சாவுகளை எந்தப் பக்கமும் சாயாமல் சொல்கிறது. கடற்கரையில் பிரான் என்ற ஊர், அதன் அருகே இன்றும் கையால் உப்பு வாரும் உப்பளங்கள். வடக்கே 2,864 மீட்டர் உயரத் திரிக்லாவ் மலை. பெயரின் பொருள் மூன்று தலை, நாட்டின் கொடியிலும் அதுவே. ப்ளெட்டுக்குப் போவதானால் அரை மணி கூடுதலாகப் பயணம் செய்து போஹின் ஏரிக்கும் போங்கள். பெரியது, அமைதியானது, கரையில் மரங்கள்தாம் இருக்கின்றன.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வியன்னா, வெனிஸ், ஸாக்ரெப் ஆகியவற்றில் இறங்கி பஸ்ஸில் வருவது சுலபம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவே போதும். அதிக நாள் தங்குவது ஸ்லோவேனியாவில் என்றால் விண்ணப்பத்தையும் ஸ்லோவேனியாவுக்கே கொடுக்க வேண்டும். லியூப்லியானாவில் அறை எடுத்துத் தங்கி நாள்தோறும் ஒரு திசையில் போய்வரலாம். போஸ்தோய்னா 50 கிலோமீட்டர்தான். அதற்கு முந்தைய நிலையமான ராகெக்கில் ரயிலை விட்டு இறங்கினால் ராகோவ் ஷ்கோட்சியானுக்கு நடந்தே போகலாம். செர்க்னிட்சாவுக்கும் ப்ளானினாவுக்கும் கார் இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மிகக் குறைவு, கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் நாளே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஷ்த்ரூக்லி என்ற பண்டம், மெல்லிய மாவுத் தகட்டில் தயிர்ப்பாலாடைக்கட்டியோ வால்நட்டோ வைத்துச் சுருட்டி வேகவைப்பது, இனிப்பிலும் காரமில்லாத உப்பிலும் கிடைக்கும். புளித்த முட்டைக்கோசும் பயறும் போட்ட யோத்தா என்ற சூப்பைக் கேட்கும்போது மட்டும் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். இளவேனில் தொடங்கி இலையுதிர் காலம் வரை வெள்ளிக்கிழமைகளில் ஆற்றோரச் சந்தைத் திடலில் சமையல்காரர்கள் கடை விரிப்பார்கள். வானிலை நன்றாக இருந்தால் அன்று மதிய உணவை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

பருவம் என்று கேட்டால் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்பேன். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ப்ளெட்டில் நிற்க இடமிருக்காது, செர்க்னிட்சாவில் பெரும்பாலும் புல்தான் இருக்கும். வசந்தத்தில் மலைப்பனி உருகி மழையும் சேர்ந்து ஏரி பொதுவாக நிறைந்திருக்கும், ராக் பள்ளத்தாக்கில் ஆறு சத்தமாக ஓடும், ப்ளானினாவில் உனிட்சா சில ஆண்டுகளில் சமவெளியையே மூடிவிடும். அந்த நாட்களில் ரப்பர் காலணி இல்லாமல் ஆற்றோரப் பாதையில் இறங்க வேண்டாம்.